கோட்டுக்கு வலப்புறம்

ஆகஸ்ட் 7, திங்கள்

இன்று முதல் இடைக்கோட்டு வேலை. நாங்கள் செய்துவரும் தமிழ்ப் பிழைதிருத்தி தனிச் சொற்களை ஒழுங்காகப் பார்க்கிறது. நடுவில் கோடு போட்ட சொல் வந்தால் மட்டும் தடுமாறுகிறது. 'தாய்-சேய்' என்று அடித்தால் அடியில் சிவப்பு நெளிகோடு. 'கேள்வி-பதில்', 'கோவை-சேலம்', எல்லாவற்றுக்கும் சிவப்பு. பாடப்புத்தகம் போடும் பதிப்பகம் ஒன்று இதை வாங்கப்போகிறது. அவர்களுடைய வரலாற்றுப் பாடத்தைத் திறந்தால் பக்கம் முழுக்கச் சிராய்த்துவிட்டது போல் இருக்கிறது. மாதக் கடைசிக்குள் சரிசெய்து தர வேண்டும்.

நிரல் எழுதுவது நஸ்ரின். சோதித்துப் பார்த்துப் பிழை சொல்வது நான். வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு இருப்பதால் அவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். போனில்தான் பேச்சு.

மத்தியானமே காரணத்தைப் பிடித்துவிட்டாள். கோட்டில் இரண்டு வகை இருக்கிறதாம். நாம் விசைப்பலகையில் அடிக்கும் சாதாரணக் கோடு ஒன்று. வரிக் கடைசியில் சொல் இரண்டாக உடைந்து விழாமல் பிடித்து வைக்கிற கோடு இன்னொன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பதிப்பகத்தின் கோப்பில் இருப்பது இரண்டாவது.

"நம்ம புரோகிராமுக்கு ரெண்டுமே கோடுன்னு தெரியலீங்க்கா. ஏதோ எழுத்துன்னு நினைச்சுக்குது. ரெண்டு வகையையும் வெட்டி, ரெண்டு பாதியையும் தனித்தனியா அகராதில தேடச் சொல்லிட்டா முடிஞ்சுது. எந்தப் பாதி தப்போ அதுக்கு மட்டும் சிவப்பு வரும்."

வீட்டுக்குள் நுழையும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டேன். துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 9, புதன்

புதிய பதிப்பு வந்தது. 'தாய்-சேய்' இப்போது சுத்தம். வேண்டுமென்றே தப்பாக அடித்துப் பார்த்தேன். இடது பாதியில் தப்பு வைத்தால் அந்தப் பாதிக்கு அடியில் சிவப்பு வருகிறது. வலது பாதியில் வைத்தால் எதுவும் வரவில்லை. 'கேள்வி-பதிள்' என்று அடித்தேன். சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. பிழை அறிக்கை போட்டேன்.

"எனக்கு வருதுங்க்கா," என்றாள் நஸ்ரின்.

"எனக்கு வரலையே."

"ஒரு தடவை மூடித் திறந்து பாருங்க."

மூடித் திறந்தேன். வரவில்லை.

காலையில் ஒரு சின்ன விஷயம். "காபி எங்கீங்க?" என்று கேட்டேன். என் கணவர் சிவராஜ் என்னையே பார்த்தார். "உன் கைக்குப் பக்கத்துல வெச்சுட்டுத்தான கோகிலா பேசிட்டு இருக்கேன்." டம்ளர் வலது கைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. ஆவிகூடப் பறந்துகொண்டிருந்தது. யோசனையில் இருந்திருப்பேன்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். எழுத்துருவை மாற்றினேன். மொழி அமைப்பில் தமிழ்தான் இருக்கிறதா என்று பார்த்தேன். நானே சேர்த்துவைத்திருந்த சொற்பட்டியலை அழித்தேன். பக்கத்து மேசைக் கணினியிலும் போட்டுப் பார்த்தேன். எங்கே போனாலும் கோட்டுக்கு வலப்புறம் சிவப்பு இல்லை.

நஸ்ரின் கொஞ்சம் களைத்துப்போன குரலில், "சரீங்க்கா, நீங்க சொன்னா இருக்கும். வலது பாதிக்கு மட்டும் கண்டிப்பைக் கூட்டிடறேன். வேற்றுமை உருபு ஒட்டியிருந்தாக்கூட அகராதில அப்படியே இருந்தாத்தான் விடும்," என்றாள்.

கண் எரிகிறது. திரை வெளிச்சம் அதிகம். காலையில் எழுந்ததும் வரும் தலைவலிக்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

ஆகஸ்ட் 14, திங்கள்

கண்டிப்பான பதிப்பு வந்தது. நான் வைத்த தப்புகளுக்கு இன்னும் சிவப்பு வரவில்லை. ஆனால் பதிப்பகத்தின் வரலாற்றுப் பாடத்தைத் திறந்து மேலிருந்து கீழே ஓட்டினேன். 'இந்திய-இலங்கையின்', 'ஆசிரியர்-மாணவர்களுக்கு' என்று வரிக்கு வரி இருக்கிறது. ஒன்றுக்குக்கூடத் தவறான சிவப்பு இல்லை. அவர்கள் கேட்டது அதுதானே. "அனுப்பலாம் சார்," என்றேன். எங்கள் மேலாளர் பிரபாகர் சார் ஒரு கேள்வி கேட்காமல் அனுப்பிவிட்டார். பத்து வருடமாக நான் அனுப்பலாம் என்றால் அவர் அனுப்புவார்.

ஆகஸ்ட் 17, வியாழன்

சிங்காநல்லூர் திருப்பத்தில் ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டேன்.

அவர் எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. சாலை காலியாக இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ஸ்கூட்டரைத் திருப்பினேன். அடுத்த நொடி சைக்கிள் கீழே கிடக்கிறது, ஒரு மனிதர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கேரியரில் இருந்த முட்டை அட்டை கவிழ்ந்து ரோடெல்லாம் வழிகிறது.

"நேரா என்னையப் பாத்துட்டே வந்து இடிக்கறீங்களே அம்மிணி!" என்றார். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது அவர் குரலில். "பெல்லு அடிச்சனே, கேக்கலீங்களா?"

மணி கேட்டது. அது எங்கோ தூரத்தில் என்று நினைத்தேன்.

அவருக்குச் சிராய்ப்புதான். முட்டைக்கு ஈடு கொடுத்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். சிவராஜிடம் டயர் பஞ்சர் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

நஸ்ரினுக்கு இனி வாய்ப்பேச்சு வேண்டாம், ஆதாரமே அனுப்பிவிடுவோம் என்று முடிவு செய்தேன். தப்பான சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடித்து, திரையை அப்படியே படம் பிடித்து அனுப்பினேன். "பார், ஒன்றுக்காவது சிவப்பு இருக்கிறதா?" என்று கீழே எழுதினேன்.

பிறகு போன் வந்தது.

"அக்கா, விளையாடறீங்களா?"

"எதுக்கு விளையாடறேன்?"

"நீங்க அனுப்புன படத்துலயே எல்லாத்துக்கும் சிவப்பு இருக்குதே. 'பதிள்' கீழ இருக்குது. 'மானவர்' கீழ இருக்குது. எல்லா வரிலயும் இருக்குதுங்க்கா."

படத்தை மறுபடி திறந்தேன். இல்லை. இல்லவே இல்லை. அனுப்பும்போது படம் மாறியிருக்கலாம் என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு முட்டாள்தனமான பேச்சு என்று காதில் விழுந்தது. நஸ்ரின் சண்டை போடவில்லை. "நீங்க நல்லாத்தான இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 19, சனி

அரைநாள்தான் அலுவலகம். எல்லோரும் கிளம்பியதும் அந்தப் படத்தை அச்செடுத்தேன். காகிதத்திலும் சிவப்பு இல்லை. தற்செயலாகக் காகிதத்தைப் பக்கவாட்டில் திருப்பினேன். வரிகள் செங்குத்தாக நின்றன.

சிவப்பு இருந்தது. எல்லாச் சொல்லுக்கும் இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம், வரிசையாக.

நேராக்கினேன். போய்விட்டது. திருப்பினேன். வந்தது. நாலைந்து தடவை செய்தேன். பிறகு காகிதத்தைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அச்சுப்பொறியில் மை குறைவாக இருக்கிறது, திங்கட்கிழமை சொல்ல வேண்டும்.

பஸ்ஸில் வந்தேன். ஜன்னலோரம் வலதுபுற இருக்கையில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். இறங்கும்போதுதான் தெரிந்தது, அங்கே யாருமில்லை. அல்லது அவர் முன்பே இறங்கியிருப்பார்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

சிவராஜ் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். இருபது வருடமாக மற்றவர்களின் கண் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. அதை எப்படி மறந்தேன்?

இட்லி சாப்பிட்டு எழுந்தேன். "உக்காரு," என்றார். "தட்டுல ரெண்டு அப்படியே இருக்குது." தட்டைப் பிடித்து அரைவட்டம் சுற்றினார். இரண்டு இட்லியும் சட்னியும் எங்கிருந்தோ வந்து நின்றன.

"பசியில்லீங்க."

"பசியில்லாம இன்னும் ரெண்டு வேணும்னு கேட்ட."

எதிரில் நாற்காலியைப் போட்டு முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். "என் மூக்கையே பாரு. கண்ணை அசைக்கக் கூடாது. விரல் ஆடுனா ஆடுதுன்னு சொல்லு." இரண்டு கைகளையும் அகல விரித்தார். அவருடைய பள்ளியில் புதிதாகச் சேருகிறவர்களிடம் செய்கிற சோதனை இது. நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

"ஆடுது," என்றேன். "ஆடுது." அப்புறம் அவர் சும்மா இருந்தார். நானும் சும்மா இருந்தேன்.

"இப்ப?"

"இப்ப ஆடல."

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் நன்றாகத் தெரிந்தது. விரல்கள் கன்னத்தில் பட்டபோது திடுக்கிட்டு அலறிவிட்டேன். அவர் அந்தக் கையை ஆட்டிக்கொண்டே பக்கத்தில் கொண்டுவந்திருக்கிறார்.

கத்தினேன். ஞாயிற்றுக்கிழமையும் நிம்மதியாக இருக்க விடமாட்டீர்களா, நான் என்ன உங்களிடம் லைசென்ஸ் எடுக்க வந்தவளா என்றெல்லாம் கத்தினேன். அவர் எழுந்தார். ஸ்கூட்டர் சாவியை ஆணியிலிருந்து எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 21, திங்கள்

பதிப்பகத்திலிருந்து போன். வரலாற்றுப் பாடம் முழுக்க மறுபடி சிவப்பாம். 'இலங்கையின்' சிவப்பு, 'மாணவர்களுக்கு' சிவப்பு. கோட்டுக்கு வலப்புறம் எந்த உருபு ஒட்டினாலும் சிவப்பு. முன்னால் இருந்ததே தேவலை என்றார்களாம்.

பிரபாகர் சார் என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே நஸ்ரினைப் போனில் பிடித்தார். "சோதனையில் சரியா வந்ததை அனுப்புறதுக்கு முன்னால நீ எதையோ தொட்டிருக்க. கோகிலா மேடம் கண்ணுல இது தப்பியிருக்காது. வீட்டுல உக்காந்துட்டு அரைகுறையா வேலை பாக்கறதா இருந்தா நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

நஸ்ரின் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. என் பெயரைச் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும். சொல்லியிருந்தால் சார் என் பக்கம் திரும்பியிருப்பார். அவர் நின்றது என் வலது பக்கம். திரும்பினாரா என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான் வாயைத் திறக்கவில்லை. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

கண் மருத்துவமனை. சிவராஜ் தன் வகுப்புகளைத் தள்ளிவைத்துவிட்டு வந்தார்.

எழுத்துப் பலகையைப் படித்தேன். கடைசி வரிவரை படித்தேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். நான் சிவராஜைப் பார்த்தேன், பார்த்தீர்களா என்பதுபோல். அவர் சந்தோஷப்படவில்லை.

பிறகு ஒரு எந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். வெள்ளைக் கிண்ணம் மாதிரி. நடுப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், எங்காவது வெளிச்சப்பொட்டு மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். இடது பக்கம் மின்னியது, அழுத்தினேன். மறுபடி இடது பக்கம். பிறகு ஒன்றும் இல்லை. வெகுநேரம் ஒன்றும் இல்லை. எந்திரம் மட்டும் டிக் டிக் என்று சத்தம் போட்டது.

"நின்னு போச்சுங்களா?" என்றேன்.

"இல்லீங்கம்மா, ஓடிட்டுத்தான் இருக்குது," என்றாள் எந்திரத்தை இயக்கிய பெண்.

அந்தச் சத்தத்தின் ஒவ்வொரு டிக்கும் எனக்குக் காட்டப்படுகிற, நான் பார்க்காத வெளிச்சம் என்று புரிந்தபோது உள்ளங்கை வியர்த்துப் பொத்தான் வழுக்கியது. ஏதாவது தெரிந்ததாகச் சும்மாவே அழுத்திவிடலாமா என்று தோன்றியது. இரண்டு தடவை அழுத்தியும்விட்டேன்.

தாளில் அச்சாகி வந்தது. இரண்டு கண்ணுக்கும் ஒரே படம். இடது பாதி வெளுப்பு, வலது பாதி கறுப்பு. "கண் நல்லா இருக்குங்கம்மா," என்றார் டாக்டர். "கண் அனுப்புறதை வாங்கிப் பாக்குற இடம் மூளையோட பின்பக்கம். அங்க ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம். நாளைக்கே."

"இவ்வளவு நாள் எனக்கே தெரியாம இருக்குங்களா டாக்டர்?"

"இல்லாத இடத்தை மூளை தானே நிரப்பிக்கும். அங்க இருட்டுன்னு உங்களுக்குத் தெரியாது. அங்க ஒண்ணும் இல்லைன்னுதான் தோணும்."

ஆகஸ்ட் 23, புதன்

ஸ்கேன் எடுத்தாயிற்று. முடிவு வெள்ளிக்கிழமை. அங்கிருந்து நேரே அலுவலகம் போனேன். சிவராஜ் வாசலில் நின்றார்.

பிரபாகர் சாரிடம் அந்தக் கறுப்பு வெளுப்புத் தாளை நீட்டினேன். நஸ்ரின் எதையும் தொடவில்லை, தப்பாகச் சோதித்தது நான், இல்லாத பிழையை இருப்பதாகச் சொல்லி அவளை நிரலைக் கெடுக்க வைத்தது நான் என்றேன். பேப்பரில் எழுதிவைத்துப் படிப்பதுபோல் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதோட பத்து நாளா வண்டி ஓட்டிட்டு வந்தீங்களா மேடம்?" என்றார். பிறகு, "நஸ்ரின்கிட்ட நான் பேசறேன். நீங்க முதல்ல உடம்பைப் பாருங்க." வேலை இருக்கிறதா இல்லையா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நஸ்ரினை நானே கூப்பிட்டேன். கேட்டுவிட்டு அழுதாள். "உங்க மேல ரெண்டு நாளா எவ்வளவு ஆத்திரமா இருந்தேன் தெரியுங்களா? வேணும்னே மாட்டிவிட்டுட்டீங்கன்னு நினைச்சேன்க்கா." கண்டிப்பைக் கூட்டிய அந்த வரிகளை எடுத்துவிட்டு இன்று மாலையே பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டாள். முதல் பதிப்பில் அவள் எழுதியதே சரி. சாதாரணக் கோடும் சரி, பிடித்துவைக்கும் கோடும் சரி, அன்றைக்கே தீர்ந்துபோன விஷயம்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

இடது பின்மண்டையில், மூளையை மூடியிருக்கும் உறையிலிருந்து ஒரு கட்டி. எலுமிச்சை அளவு. வருடக்கணக்கில் மெதுவாக வளர்ந்திருக்கிறது. பெரும்பாலும் புற்று இல்லை என்கிறார் டாக்டர். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கேட்டபிறகு அவர் பேசிய எதுவும் நினைவில் இல்லை. சிவராஜ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

பாத்திரம் எல்லாவற்றையும் இறக்கித் துலக்கினேன். தேவையில்லாதவற்றையும்.

ஆகஸ்ட் 30, புதன்

நாளை அறுவை. தலையின் பின்பக்கம் முடியை எடுத்துவிட்டார்கள். கை வைத்தால் யாருடைய தலையோ மாதிரி இருக்கிறது.

டாக்டர் மறைக்காமல் சொன்னார். கட்டியை எடுக்கலாம், பார்வை திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. இருப்பதும் கொஞ்சம் போகலாம். இடது பக்கத்தில் பேச்சுக்கும் படிப்புக்குமான இடங்கள் பக்கத்தில்தான் இருக்கின்றனவாம். எழுந்ததும் எழுத்து வெறும் கோலமாகத் தெரிந்தால் என்ன செய்வேன்? இன்று மத்தியானம் முழுவதும் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். மாத்திரை அட்டை, தீயணைப்புக் குறிப்பு, தண்ணீர்ப் பாட்டில், கட்டிலில் ஒட்டிய என் பெயர். 'கோகிலவாணி சிவரா' என்று நின்றது. தலையைத் திருப்பினேன். 'ஜ்' வந்தது.

சிவராஜிடம் பீரோ சாவி, எரிவாயுப் புத்தகம் எங்கே என்று சொல்ல ஆரம்பித்தேன். "வந்து நீயே எடுத்துக்கொடு," என்று எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார்.

செப்டம்பர் 6, புதன்

இதை எழுதுவது சிவராஜ். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். என் கையெழுத்தை மன்னிக்கவும் என்று நானாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

நன்றாக இருக்கிறேன் என்று எழுதச் சொல்கிறாள். வலி அதிகமில்லை என்கிறாள் (ராத்திரி இரண்டு ஊசி போட்டார்கள்). பரிசோதனை முடிவு வந்துவிட்டது, புற்று இல்லை. அதைக் கேட்டபோது தான் அழவில்லை என்று எழுதச் சொல்கிறாள். அழவில்லை. நான் அழுதேன், அதை எழுத வேண்டாம் என்கிறாள்.

எழுத்து கோலமாகத் தெரியவில்லையாம். என் சட்டைப் பையிலிருந்த பேனாவின் பெயரைப் படித்துக் காட்டினாள். வலது பக்கம் மேலே கொஞ்சம் வெளிச்சம் திறந்திருக்கிறது. கீழே இன்னும் இல்லை.

அக்டோபர் 12, வியாழன்

ஆறு வாரத்துக்குப் பிறகு என் கையால் எழுதுகிறேன். வரி கீழே இறங்குகிறது. போகட்டும்.

வலது மேல்பக்கம் வந்துவிட்டது. கீழ்ப்பக்கம் வரவில்லை, இனி வருமா என்று டாக்டருக்கும் தெரியாது. ஸ்கூட்டர் இனி இல்லை. திங்கட்கிழமையிலிருந்து அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார் பிரபாகர் சார், அரைநாள். கணினி உரக்கப் படிக்கட்டும், அக்கா காதால் கேட்டுப் பிழை சொல்லட்டும் என்று நஸ்ரின்தான் அவரிடம் சொல்லியிருக்கிறாள். சரிப்பட்டு வருமா, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், தெரியாது.

இன்று ஒத்திகைக்குப் பஸ் நிறுத்தம்வரை தனியாகப் போவது என்று கிளம்பினேன். நிறுத்தம் சாலைக்கு அந்தப் பக்கம். சிவராஜ் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். சாலையைக் கடக்கும்போது முதலில் வண்டிகள் வருவது வலது பக்கத்திலிருந்துதான். அதை யோசிக்காமல் வந்து ஓரத்தில் நின்றுவிட்டேன்.

தலையை முழுக்கத் திருப்பினேன். லாரி. நேராக்கினேன். லாரி இல்லை. மறுபடி திருப்பினால் அது இருந்த இடத்தில் வேன் வருகிறது. காலை எடுத்து வைக்க முடியவில்லை. ஒரு பஸ் போனது, அடுத்ததும் போனது. அன்று கீழே உட்கார்ந்திருந்த சைக்கிள்காரரின் முழங்கை கண்முன் வந்தது. திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம், சிவராஜிடம் பஸ்ஸில் கூட்டம் என்று சொல்லிவிடலாம்.

அப்போது யாரோ என் முந்தானையைப் பிடித்தார்கள். புது அலுமினிய அண்டா ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண். என் வயதுதான் இருக்கும்.

"ரோட்டைத் தாண்டுறீங்களா அக்கா? நானும் ஒட்டிக்கறேன். கல்யாணத்துக்கு வந்தவ, இந்த ஊர் வண்டியப் பாத்தாலே காலு நடுங்குது."

"எனக்கு வலது பக்கம் சரியாத் தெரியாதுங்க," என்றேன். முன்பின் தெரியாத யாரிடமும் இதுவரை நானாக இதைச் சொன்னதில்லை. "மண்டையில ஆபரேஷன். நானே பயந்து நின்னுட்டு இருக்கேன்."

அவள் அண்டாவை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். என் வலது பக்கம் வந்து நின்று கையைப் பிடித்தாள். அவள் கையும் ஈரமாக இருந்தது.

"அப்ப இந்தப் பக்கம் நான் பாக்கறேன். நடு ரோட்டுக்குப் போனதும் அந்தப் பக்கம் நீங்க பாருங்க. போலாமுங்களா?"

"இருங்க," என்றேன். அவள் பார்த்ததை நானும் ஒரு தடவை தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். பிறகு, "இப்பப் போலாம்," என்றேன்.